பூஞ்சை வளர்க்கும் நத்தை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்களுக்கும் சந்தோஷம். ஆனால் சம்பாவில் குலைநோய்ப் பூஞ்சை விழுந்துவிட்டது என்று படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. மருந்தடித்த பிறகு பயிர் தேறியதா?

நீ பூஞ்சையை விரட்டப் படாதபாடு படுகிறாய். இங்கே அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கடற்கரையில் பூஞ்சையைப் பயிர்செய்து பிழைக்கிற நத்தை ஒன்று இருக்கிறது. உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவேன்?

பெயர் லிட்டோராரியா இர்ரோராட்டா. பெரியதே ஓர் அங்குலம்தான் இருக்கும். சாம்பல் வெள்ளை ஓடு, சுற்றிச் சுற்றி ஓடும் வரிகளில் செம்பழுப்புப் புள்ளிகள். இங்கே உவர்சதுப்பு முழுக்க ஸ்பார்டினா என்ற புல்தான். தண்ணீர் வடிந்திருக்கும்போது நத்தை சேற்றில் இறங்கி மேயும். ஓதம் ஏறத் தொடங்கினால் புல்தண்டைப் பிடித்து மேலே போய்விடும். ஓதத்தோடு உள்ளே வரும் நீல நண்டு ஓட்டை நொறுக்கித் தின்றுவிடும், அந்தப் பயம்.

உச்சிவெயிலில் ஒன்றைத் தண்டிலிருந்து பிய்த்துப் பார்த்தேன். உடம்பை உள்ளிழுத்து, வாயை மூடியால் அடைத்துக்கொண்டு, ஓட்டின் விளிம்பை மட்டும் சளியால் தண்டில் ஒட்டியிருந்தது. காய்ந்த சளி கண்ணாடித்தாள் மாதிரி இருந்தது, விரல் பட்டதும் உடைந்தது.

அதன் விவசாயம்தான் அதிசயம். பச்சை இலையை அது விரும்பித் தின்பதில்லை. நாக்கிலுள்ள நுண்பற்களால் இலையை நீளவாக்கில் சுரண்டிக் காயப்படுத்தும். காயத்தின் மேலேயே எச்சமிடும். அதில் பூஞ்சை இழைகளும் உண்டு, அவற்றுக்கு உரமும் உண்டு. காயத்தில் பூஞ்சை பிடித்ததும் திரும்பத் திரும்ப வந்து அதை மேயும். இந்தக் கரையோரத்துச் சப்பேலோ தீவில் ஆராய்ந்த சில்லிமன், நியூவெல் இருவரும் 2003இல் இதை வெளியிட்டார்கள். பூஞ்சைக்கொல்லி அடித்த இடத்தில் நத்தை இருந்தும் புல் நன்றாக வளர்ந்ததாம். அப்படியானால் புல்லை வாட்டுவது நத்தையின் பல்லைவிட பூஞ்சைதான்.

நத்தை பெருகிவிட்டால் புல் தாங்காது. நண்டு வராமல் அடைத்து வைத்த சோதனையில் எட்டே மாதத்தில் புல்வெளி வெறும் சேறாகிவிட்டது. 2000ஆம் ஆண்டையொட்டி வந்த வறட்சியில் இங்கே சதுப்பு பெரிய அளவில் கருகியது. வறட்சி புல்லை நலிவடையச் செய்ய, நத்தைகள் திரண்டு வந்து மிச்சத்தையும் மேய்ந்தன. இருந்தாலும் நத்தையைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதன் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைத்திருப்பது நண்டு. கோழிக்கழுத்தைக் கயிற்றில் கட்டி, கூடை கூடையாக நண்டு பிடிக்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் புல்லைப் பற்றித்தான் கவலையாக இருக்கிறது.

அப்புறம், பிச்சாவரம் பக்கம் போனால் அலையாத்தி மரத்தண்டுகளைக் கொஞ்சம் பார். இதே லிட்டோராரியா பேரினத்து நத்தைகள் அங்கேயும் மரமேறி உட்கார்ந்திருக்கும். இலையில் இப்படிக் கீறல் இருக்கிறதா என்று பார்த்து எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமு