கூடைப்பந்து அணிகளின் நன்றி, முக்கியமாக ஆம்பூர் அத்தைக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று ராத்திரிதான் காட்பாடியில் வந்து இறங்கினோம். சூட்டோடு சூடாக எழுதாவிட்டால் ரெக்கார்டு நோட்டு, இன்டர்னல் என்று நாள் ஓடிவிடும். போட்டிக்கு முன்னால் ஆடுகளமும் சாமான் அறையும் தண்ணீரில் நின்ற அந்த மழை வாரக் கதையைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. பாதிப் பேர் எங்களோடு தண்ணீரில் நின்றவர்கள்தானே. தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டிக்குப் பெண்கள் அணி போய், இரண்டு ஆட்டம் ஜெயித்து, மூன்றாவதில் தோற்று, கை கால் முழுசாகத் திரும்பிவிட்டது. ஆண்கள் அணி வியாழக்கிழமை கிளம்புகிறது. இரண்டு அணிகளின் சார்பிலும் நன்றி.

நீரில்லா ஆறு, மன்னனில்லா கோட்டை என்று வேலூரைக் கிண்டலடிக்கும் பழைய பட்டியலில் எங்கள் கூரையில்லா ஆடுகளத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். அந்த வாரம் ஆற்றிலும் நீர், எங்கள் ஷூவிலும் நீர். சாமான் அறையைத் திறந்தபோது ஏழெட்டு ஜோடி வாய் பிளந்து கிடந்தது. ஏற்கெனவே சிமென்ட் தரை தேய்த்து வைத்திருந்த சோல். ஊறியதும் பசை விட்டுவிட்டது. புது ஷூ வாங்கிக் கொள்ளலாம் என்பது எல்லா வீட்டிலும் நடக்கிற காரியமா?

மறுநாள் காலையில் ஒரு அம்மா பையோடு வந்து நின்றார். ஆம்பூரில் ஷூ கம்பெனியில், சோல் ஒட்டுகிற பிரிவில் வேலை. கூட வந்த பையனைப் பார்த்ததும் எங்களுக்குப் பேச்சே வரவில்லை. ஆண்கள் முகாமில் கடைசி நாள் வரைக்கும் இருந்தவன், பன்னிரண்டு பேர் பட்டியலில் பெயர் வராதவன். பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளிலிருந்து பொறுக்கி எடுத்து முகாம் நடத்தி, கடைசியில் பன்னிரண்டு பெயரை ஒட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்களை யாரும் வழியனுப்புவதில்லை. அவன்தான் வீட்டில் போய் ஷூ விஷயத்தைச் சொல்லியிருக்கிறான்.

அத்தை கேட்டது ஒன்றுதான்: “மொதல்ல ஆடப் போறது யாரு?” நாங்கள்தான். அதனால் எங்கள் ஷூ முதலில்.

ஒட்டுவது என்றால் சொல்யூஷனைத் தடவி அமுக்குவது என்றுதான் நினைத்திருந்தேன். அவர் ஒவ்வொரு சோலையும் முழுசாகப் பிரித்தார். பழைய பசையை உப்புத்தாளால் சுரண்டினார். உள்ளே விரல் விட்டுப் பார்த்து, “ஈரத்துல ஒட்னா புடிக்காது கண்ணு” என்று எல்லாவற்றையும் ஃபேனுக்கு அடியில் கவிழ்த்தார். மதியத்துக்கு மேல்தான் சொல்யூஷன் டின்னையே திறந்தார். இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட வேண்டுமாம். கம்பெனியில் அப்புறம் ஹீட்டருக்குள் விடுவார்களாம். இங்கே விடுதிப் பெண்ணின் ஹேர் டிரையர். பையன் அதைப் பிடித்துக்கொள்ள, அவர் நுனியிலிருந்து குதிகால் வரை அழுத்தி, சுத்தியால் தட்டி, முன்பக்கம் மட்டும் குத்தூசியால் இரண்டு வரிசை தைத்தார். ராத்திரி முழுக்கக் கல் வைத்து அழுத்தச் சொன்னார். பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அவனும் பேசவில்லை. பணம் நீட்டியபோது, டின் விலையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சாக்கைப் போட்டுத் தரையைத் துடைத்த மைதானத்து அண்ணன்கள், ஜெர்சியைத் தேய்த்துத் தேய்த்தே காயவைத்த இஸ்திரிக் கடை அண்ணன், கடனுக்கு இட்லி தந்த கேன்டீன் அக்கா, சாமானோடு எங்களை ஸ்டேஷனில் இறக்கிவிட்ட வேன்காரர், பணம் திரட்டிய சீனியர்கள். சீனியர்களுக்கு இன்னொரு நன்றி, ஆறாம் நம்பர் பந்து அனுப்பியதற்கு. வளையம் எல்லோருக்கும் 3.05 மீட்டர் உயரத்தில்தான். பந்துதான் ஆண்களுக்கு ஏழாம் நம்பர், எங்களுக்கு ஆறு. எங்கள் பந்துகள் ஊறிப்போய், ஏழாம் நம்பரை வைத்தே பயிற்சி எடுத்து, போட்டியில் ஆறாம் நம்பரைத் தொட்டிருந்தால் ஷாட் எல்லாம் நீளப் போயிருக்கும். கூடவே, தங்கள் பயிற்சி நேரத்தில் பாதியை எங்களுக்கு விட்டுக்கொடுத்த ஆண்கள் அணிக்கும் நன்றி. வழக்கமாகக் கிடைக்காது, அதனால் எழுதியே வைக்கிறேன்.

2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். அணி மட்டும் இன்னும் பிரியாத பழைய வடஆற்காடு மாவட்டம்தான். அடுத்த வருஷ முகாமுக்கு நான் வருவேன், ஆடுகிறேனோ இல்லையோ. பட்டியல் ஒட்டியதும் பெயர் வராதவர்களோடு பஸ் ஸ்டாண்டு வரை நடப்பேன். முதலுதவிப் பெட்டியில் ஒரு டின் சொல்யூஷனும் குத்தூசியும் இருக்கும்.

அத்தை, உங்களுக்கு ஒரு தகவல். மூன்று ஆட்டத்துக்கும் ஒரு சோல்கூடக் கழலவில்லை. எங்கள் சென்டர் ஆடுகிறவளின் வலது ஷூ மட்டும் ஓரத்தில் லேசாக விட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வரலாமா? ஒட்டுவதை இந்த முறை நாங்கள் கற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பெண்கள் அணித் தலைவி