வீட்டுக்குள் எடுத்த படம் ஒன்றாவது அனுப்பு

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வல்லத்து மாமா விஷயம் நீ சொன்னபடியேதான் முடிந்தது. அதையெல்லாம் அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

லண்டனில் நீங்கள் வாங்கப்போகும் ஃபிளாட்டின் படங்களைப் பார்த்தேன். காலை வெயிலில், சாயங்காலம், மழை விட்ட பிறகு என்று அந்தக் கான்கிரீட் கட்டடத்தை எல்லாப் பக்கமும் எடுத்திருக்கிறாய். வீட்டுக்குள் எடுத்தது ஒன்றுகூட இல்லை. படுக்கையறைச் சுவர் வெளிச்சுவரா, சமையலறைக்கு ஜன்னல் உண்டா, ஒன்றும் தெரியவில்லை. நந்தினியும் ஒரு படத்திலும் இல்லை. வேலைக்குப் போயிருப்பாள்.

சென்ட்ரிங் பலகையின் ரேகை கான்கிரீட்டில் அப்படியே பதிந்திருப்பதைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கம்ப்யூட்டர் வேலைக்குப் போன பிள்ளைக்கு இவ்வளவு கண்ணா என்றார். எனக்கும் பெருமைதான். நம் ஊரில் சென்ட்ரிங் பிரித்த பிறகு எங்காவது பொத்தலாக இருந்தால் கொத்தனார் பூசி மறைத்துவிடுவார். தேம்ஸ் கரையில் இருக்கும், பூச்சே போடாத நேஷனல் தியேட்டரில் அந்த வசதி கிடையாது. பலகை இடுக்கில் சிமென்ட் பால் ஒழுகினால் அங்கே ஜல்லி பல்லிளிக்கும். ஒரு வார்ப்புக்கும் அடுத்ததற்கும் தண்ணீர் அளவு கொஞ்சம் மாறினாலும் நிறம் மாறும். ஒட்டுப்போட்டால் ஐம்பது வருடம் கழித்தும் தெரியும். லண்டனின் பார்பிகன் குடியிருப்பு வளாகத்தில் இன்னொரு படி மேலே போனார்கள்: வார்த்து 21 நாளாவது காயவிட்டு, பிறகு கையால் கொத்திக் கொத்திக் கருங்கல் ஜல்லியை வெளியே கொண்டுவந்தார்கள். அவ்வளவு பெரிய வளாகம் முழுக்க. பூசாத கான்கிரீட்டையே அழகாகக் காட்டும் இந்தப் புரூட்டலிசப் பாணி என்றால் பூச்சுக்குக் காசில்லாமல் விட்ட கட்டடம் என்று பேசுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

ஆனால் வெறுப்பவர்கள் எல்லோரும் விவரம் தெரியாதவர்கள் என்று நீ எழுதியிருப்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். டெனிஸ் லாஸ்டன் வடிவமைத்த அந்தத் தியேட்டர் 1976-ல் திறந்தது. லண்டன் நடுவில் யாரும் எதிர்க்காமல் அணுமின் நிலையம் கட்ட இது கெட்டிக்கார வழி என்று இன்றைய மன்னர் சார்லஸ் 1988-ல் கேலி செய்தார். 1994-ல் அதே கட்டடத்துக்கு ‘கிரேட் 2 ஸ்டார்’ என்ற தரத்தில் பாரம்பரியப் பாதுகாப்புக் கிடைத்தது. இரண்டு பக்கமும் படித்தவர்கள்தான். கான்கிரீட் நனைந்தால் கறுக்கும், காய நேரமாகும். சண்டிகரில் வெயிலும் நிழலும் சேர்ந்து அதற்கு ஒரு வடிவம் கொடுக்கின்றன. லண்டனில் நவம்பர் முதல் மார்ச் வரை வானமும் சுவரும் ஒரே நிறம். மேலே விளிம்பின் அடியில் தண்ணீர் சொட்ட ஒரு பள்ளக் கோடு விடாமல் போனால் மழைநீர் சுவரோடு வழிந்து கறுப்புத் தாரையாக இறங்கும். அதைத் தினமும் பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறவளுக்கு மனசு கனக்கத்தான் செய்யும்.

நந்தினிக்குப் பிடிக்கவில்லை என்று சம்பந்தியம்மா போனில் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். வேறெதுவும் நான் கேட்கவில்லை.

அவளுக்கு எது பிடிக்கவில்லை என்று உட்கார்ந்து கேட்டாயா? சுவரில் ஈரம், ஓதம் என்றால் அது ரசனைக் குறைவில்லை, கணக்கு. அறையில் 20 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் இருந்தால், 12 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் தண்ணீர் முத்து முத்தாகப் படியும். பூஞ்சை அதுவரைகூடக் காத்திருக்காது. சுவர் 15 டிகிரியை ஒட்டி இருந்தாலே அதற்குப் போதும். அந்தக் காலத்தில் தளத்து ஸ்லாபை அப்படியே வெளியே நீட்டி பால்கனியாக்கினார்கள், நடுவில் வெப்பத்தடை எதுவும் வைக்காமல். வெளிக்குளிர் அந்த ஸ்லாப் வழியாகவே உள்ளே வரும். அதனால் முதலில் கறுப்பது வெளிச்சுவரும் மேல்தளமும் சேரும் மூலை. அடுத்தது பீரோவின் பின்பக்கம். வீடு பார்க்கப் போனால் பீரோவை நகர்த்திப் பார். புதுப் பெயின்ட் வாசம் அடித்தால் இன்னும் உற்றுப் பார். சாமான்களைச் சுவரிலிருந்து ஒரு கையகலம் தள்ளிப் போடவேண்டும். இட்லிச் சட்டி, சோறு வடிக்கிற ஆவி, வீட்டுக்குள் காயும் துணி எல்லாம் அந்த மூலையில்தான் போய் உட்காரும். எக்ஸாஸ்ட் ஃபேன் வெளியே தள்ளுகிறதா, இல்லை ஃபில்டர் வழியாக அறைக்குள்ளேயே திருப்பி விடுகிறதா என்று பார். மழை நாளில் போ. இரண்டு பேரும் சேர்ந்து போங்கள்.

அடுத்தது கம்பி. நல்ல கான்கிரீட் காரத்தன்மை உள்ளது, பி.ஹெச். 12-க்கு மேல் இருக்கும். அதற்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்காது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உள்ளே போய் அந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். வேகம் வர்க்கமூலக் கணக்கு: முதல் 25 வருடத்தில் 15 மில்லிமீட்டர் போயிருந்தால், 30 மில்லிமீட்டர் போக நூறு வருடம் ஆகும். ஆகவே கம்பிக்கு மேல் எவ்வளவு கவர், அதாவது மூடும் கான்கிரீட், இருக்கிறது என்பதில்தான் கட்டடத்தின் ஆயுசு. வார்க்கும்போது கம்பியை அந்த அளவுக்குத் தள்ளி நிறுத்தும் கவர் பிளாக் நழுவி 10 மில்லிமீட்டர்தான் மிஞ்சியது என்றால் அந்த இடம் எப்போதோ போயிருக்கும். துரு இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்குவரை இடம் கேட்கும், கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளிவிடும். பால்கனி விளிம்பையும் தூண் முனையையும் பார். அங்கே வாயு இரண்டு பக்கமிருந்து நுழைகிறது. மயிரிழை விரிசல் கம்பி ஓடும் திசையிலேயே நீளமாகப் போனால் அது துருவாகத்தான் இருக்கும். ஒரு சாவியால் தட்டிப் பார். கிண்ணென்று கேட்டால் சரி, பொத்தென்று கேட்டால் உள்ளே விட்டுவிட்டது.

பழுது பார்த்த இடம் இருந்தால் எப்படிப் பார்த்தார்கள் என்று விசாரி. விளிம்பைச் சதுரமாக வெட்டி, கம்பிக்குப் பின்னால் 20 மில்லிமீட்டராவது தோண்டி, துருவை முழுக்க நீக்கி, கம்பிக்குப் பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த கலவை வைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். முன்பக்கம் மட்டும் சுரண்டிப் பூசியிருந்தால், கம்பியின் பின்பக்கத்துத் துரு சில வருடத்தில் பூச்சைத் தள்ளிவிடும். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால் மேலே பெயின்ட் அடித்து மறைக்கச் சுலபத்தில் அனுமதி கிடைக்காது. பழைய மணல், பழைய சிமென்ட் நிறத்துக்கு ஒத்துவர மாதிரி வைத்து வைத்துப் பார்க்கவேண்டும். ஜன்னலை மாற்றவும் அனுமதி வாங்கவேண்டும். உள்பக்கம் இன்னொரு கண்ணாடி போடுவதுதான் பல இடத்தில் வழி. அந்தஸ்து கட்டடத்துக்கு, செலவு உனக்கு.

செலவு என்றதும் குத்தகை. அங்கே ஃபிளாட் வாங்குவது குத்தகைக்குத்தானே. எண்பதுகளில் கவுன்சில், அதாவது உள்ளாட்சி, தன் குடித்தனக்காரர்களுக்கு விற்ற ஃபிளாட்டுகளுக்குப் பெரும்பாலும் 125 வருடம் கொடுத்தார்கள். எண்ணிப் பார், இப்போது 80-ஐ ஒட்டி வந்திருக்கும். 80-க்குக் கீழே போனால் நீட்டிக்கும் விலை ஏறும், விற்கவும் கஷ்டம். கட்டடத்தில் ஒரு பழுது வேலைக்கு உன் பங்கு 250 பவுண்டைத் தாண்டினால், அங்குள்ள குத்தகைச் சட்டத்தின் 20-வது பிரிவின்படி உனக்கு முன்கூட்டியே நோட்டீஸ் தரவேண்டும். கடந்த சில வருட நோட்டீஸ், கட்டடத்தின் கான்கிரீட் ஆய்வறிக்கை, வெளிச்சுவர்த் தீப்பாதுகாப்புப் படிவம், மூன்றையும் வக்கீலைக் கேட்கச் சொல். லெவல் 3 என்ற விரிவான சர்வே எடு. சர்வேயர் ஃபிளாட்டுக்குள் பார்ப்பதை வைத்து வெளிக்கட்டுமானத்தைச் சொல்லமுடியாது, அதனால்தான் அறிக்கை கேட்கச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி: அது தளத்திலேயே வார்த்த கட்டடமா, ஃபேக்டரியில் வார்த்த பேனல்களை நிறுத்திக் கட்டியதா? வெளியே பார்க்க இரண்டும் சாம்பல்தான். 1968 மே 16-ல் கிழக்கு லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தில், 18-வது மாடியில் கேஸ் வெடித்தது. ஒரு பேனல் வெளியே தள்ளப்பட, தாங்க ஆளில்லாமல் ஒரு மூலை முழுக்க மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். பேனல் வலிமையானதுதான், இணைப்பில்தான் வலிமை இல்லை. இன்றும் அந்த வகைக் கட்டடத்துக்கு வங்கிகள் கடன் தரத் தயங்கும். நீ படம் அனுப்பியது வார்த்தது மாதிரித்தான் தெரிகிறது, பலகை ரேகை இருக்கிறதே. இருந்தாலும் கேள்.

நீ எழுதிய ராபின் ஹூட் கார்டன்ஸ் கதைக்கு வருகிறேன், கிழக்கு லண்டனில் இடிக்கப்பட்ட அந்தக் கான்கிரீட் குடியிருப்பு. கட்டடக் கலைஞர்களான ஸ்மித்சன் தம்பதி வடிவமைத்தது, 1972-ல் முடிந்தது. 2008-ல் பாதுகாப்பு மறுக்கப்பட்டு, 2017-ல் இடிக்க ஆரம்பித்தார்கள். காப்பாற்றச் சொன்ன கட்டடக் கலைஞர்கள் பலர் அங்கே குடியிருந்தவர்கள் கிடையாது. குடியிருந்தவர்கள் என்ன விரும்பினார்கள் என்பதற்கு எடுத்த கணக்கெடுப்புகளே ஒன்றோடொன்று சண்டை. கடைசியில் மூன்று மாடித் துண்டு ஒன்றை விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் எடுத்துவைத்துக்கொண்டது. அதே 1972-ல் முடிந்த டிரெல்லிக் டவர் என்ற லண்டன் அடுக்குமாடிக் குடியிருப்பின் பக்கம் எழுபதுகளில் போகவே பயந்தார்கள். எண்பதுகளில் குடியிருப்போர் சங்கம் வந்தது, வாசலில் ஆள், இன்டர்காம், பூட்டுக் கதவு வந்தன. கான்கிரீட் மாறவில்லை. 1998-ல் பாதுகாப்பும் கிடைத்தது, இப்போது காபிக் கோப்பையில் அச்சடித்து விற்கிறார்கள். பார்பிகனில் முதலிலிருந்தே பராமரிப்பும் வசதியான குடித்தனமும் இருந்தன. ரசிகர்களின் சண்டையை நீ பெரிதாக எடுத்துக்கொள்கிறாய். லிஃப்ட் ஓடியதா, குழாய் பார்த்தார்களா, வாசலில் விளக்கு எரிந்ததா என்பதில்தான் பாதி வெறுப்பும் பாதி பிரியமும் இருக்கின்றன. டெல்லி ஹால் ஆஃப் நேஷன்ஸை 2017-ல் இரவோடு இரவாக இடித்தார்களே, அதற்கு நான் பட்ட வருத்தம் உனக்குத் தெரியும். அறுபது வயது ஆகவில்லை, ஆகவே பாரம்பரியம் இல்லை என்றார்கள். அது கண்காட்சி மண்டபம், யாரும் அதில் சமைத்துத் தூங்கவில்லை. உன்னுடையது வீடு.

அவளுக்குப் பிடிக்காத வீட்டில் நீ சொல்வது சரியாக இருந்து என்ன ஆகப்போகிறது? பிடிவாதம் உங்கள் அப்பா வழிச் சொத்து, நான் அதற்குள் போகவில்லை. மழை நாளில் இரண்டு பேரும் போய், அவள் சொல்லும் மூலையை முதலில் பார்.

பதிலில் மூன்று விஷயம் எழுது. வார்த்ததா, பேனலா. குத்தகை எத்தனை வருடம் பாக்கி. நந்தினி இப்போது உன்னோடுதான் இருக்கிறாளா, அவள் அக்கா வீட்டிலா. அப்பாவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. இரண்டாவதற்கு வக்கீலைக் கேட்கவேண்டியிருக்கும், அதற்காக மற்ற இரண்டையும் தாமதிக்காதே.

அன்புடன்,
அம்மா