எங்கள் கிளானின் வாத்திமார்

அன்பின் மச்சான்,

உன் மெயில் வந்தது நல்லூர்த் திருவிழா நடுவில். 25 நாளும் கடை பூட்ட இரவு பத்தரை, பதினொன்றாகிவிடும். அதற்குப் பிறகு யார் எழுதுவது? இப்போதுதான் ஊர் கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது. சின்னவள் எழும்பி நடக்கிற வீடியோ பார்த்தோம். அச்சு அசல் உன் தங்கச்சி. இதை உன் மனிசியிடம் சொல்லிவிடாதே. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ மட்டும் விட்டபாடில்லை, ஆனால் கோயிலுக்குப் போக மட்டும் அது தடையே இல்லை.

கடைசி வரியில், நாங்கள் போனில் விளையாடிய கிளாஷ் ஒஃப் கிளான்ஸ் கேமைப் பற்றி, “எங்கட கிளான் இன்னும் இருக்கா?” என்று கேட்டிருந்தாய். இருக்கிறது. 50 பேர் கொள்ளும் அணி ஏறத்தாழ நிறைந்துதான் இருக்கிறது. நீ விலகும்போது கோ-லீடராக இருந்த அண்ணைதான் இப்போது லீடர். ஆனால் நீ கண்ட கிளான் இல்லை. இப்போது எங்களிடம் வாத்திமார் இருக்கிறார்கள். சிரிக்காதே, உண்மையாகத்தான். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வாத்தி. ‘சோடி’ என்றுதான் எல்லோரும் சொல்கிறோம்.

இது 2022இல் தொடங்கியது, படிப்பிக்கிற எண்ணமே இல்லாமல். அந்த வருடம் மார்ச் கடைசியில் 13 மணிநேரம்வரை கரண்ட் வெட்டினார்களே, கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்தில் போன் சிக்னலும் போய்விடும். இன்னொரு கிளானோடு மோதும் வோர் நாளில் ஆளுக்கு இரண்டு அட்டாக். ஊரில் இருந்த பாதிப்பேர் ஒன்றைக்கூட அடிக்காமல் 24 மணிநேரமும் முடிந்துவிடும். பிறகு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே சண்டை. வெளிநாட்டுக்காரருக்கு இங்கத்தை நிலைமை விளங்காது, இங்கிருப்பவருக்கோ பெற்றோல் வரிசையில் நின்றுவிட்டு வந்து அவர்களுக்கு விளக்கம் சொல்லப் பொறுமை இல்லை. அப்போதுதான் லீடர் ஊரில் ஒருவரையும் வெளியில் ஒருவரையும் சேர்த்துவிட்டார். வெளியில் இருப்பவர் எதிரியின் பேஸை, அதுதான் கோட்டையைப் பார்த்து, எந்தப் பக்கத்தால் போகலாம் என்று ஒரு வொய்ஸ் மெசேஜ் போட்டுவைப்பார். ஊர்க்காரர் கரண்ட் வந்தவுடன் அதைக் கேட்டுவிட்டு அடிப்பார். கரண்ட் ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகும் சோடிகள் பிரியவில்லை.

பிறகு லீடருக்கு ஆசை வந்துவிட்டது. ஆகத் திறமான ஆட்களைப் பிடித்து வாத்திமார் ஆக்கினார். அது சரிவரவில்லை. டவுன் ஹோல் என்கிற முதன்மைக் கட்டடத்தை ஏற்றி 16ஆம் படியில் நிற்கிற ஒருவர், 10இல் நிற்கிற பெடியனுக்கு, “நடுவில போனவுடனே வோர்டனைத் தட்டு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வோர்டன் என்கிற வீரன் திறப்பதே டவுன் ஹோல் 11இல்தான். பெடியன் பாவம், தன் போனில்தான் ஏதோ பிழை என்று நினைத்துக் கேமை அழித்துவிட்டுத் திரும்ப இறக்கியிருக்கிறான்! மேலே போனவருக்குக் கீழே என்ன இருந்தது, என்ன இருக்கவில்லை என்பது மறந்துபோகிறது. இப்போது ஒரு படி, கூடினால் இரண்டு படி மேலே நிற்பவரைத்தான் சோடி சேர்ப்பது. போன மாதம்தான் தானே முட்டி மோதிப் படித்தவன், எங்கே முட்டும் என்று சொல்ல அவனை விட வேறு ஆள் இல்லை.

இன்னொரு வாத்தி இருந்தார், அவர் வேறு ரகம். மாணவனின் கணக்கை வாங்கி, தானே உள்ளே போய் அடித்து முழு 3 ஸ்டாரும் எடுத்துக் கொடுப்பார். “பார், இப்பிடித்தான் அடிக்கிறது.” கணக்கை மற்றவருக்குக் கொடுப்பது கேமை நடத்துகிற சூப்பர்செல்லின் விதிக்கே விரோதம், பிடிபட்டால் கணக்கே போகலாம். அதைவிட எனக்கு எரிச்சல், அந்த மாணவனுக்குப் புகழ் ஏறிக்கொண்டே போனதுதான். கிளான்களுக்கிடையிலான லீக் தொடங்கியது. அதில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு அட்டாக். வாத்தி ஏதோ கல்யாணவீட்டில் நிற்க, பெடியன் தனியே அடித்து ஒரு ஸ்டார்கூட எடுக்கவில்லை. இருவரும் கோபித்துக்கொண்டு வேறு கிளானுக்குப் போய்விட்டார்கள். போகட்டும்.

எனக்கு அப்போது நாங்கள் ரியூஷனுக்குப் போன ரியூட்டரிகள்தான் ஞாபகம் வந்தன. நாங்கள் எத்தனை வருடம் அந்த ஓலைக் கொட்டகைகளில் வாங்கில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம்? முன்னால் ஒருவர் மைக் பிடித்துக் கணக்கைச் செய்துகொண்டே போவார், நாங்கள் பார்த்து எழுதுவோம். அவர் செய்யும்போது எல்லாம் விளங்கும். வீட்டில் போய்த் தாளை எடுத்தால் பேனை ஓடாது. நான் எந்த இடத்தில் பிழைவிடுகிறேன் என்று ஒரு வாத்தியாரும் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை. அத்தனை பேருக்கு நடுவில் எப்படிப் பார்ப்பது, அவர்களையும் குறை சொல்ல முடியாது.

பார்க்கிற வாத்தி எப்படியிருப்பார் என்பதை இந்த வயதில், ஒரு கொக்குவில் பெடியனிடம் கண்டேன். உயர்தரம் (ஏ.எல்) கணிதப்பிரிவு படிக்கிறவன். அவனுக்குக் கிடைத்த மாணவர் ரொறன்ரோவில் ட்ரக் ஓட்டுகிற அங்கிள், ஐம்பத்தைந்து இருக்கும், காரைநகர் ஆள். சோடி போட்டபோது குரூப்பில் சிரிப்பு. ஆனால் நேரம் பொருந்தியது. இங்கே பெடியன் ரியூஷன் முடிந்து வர இரவு எட்டரை, அங்கே காலை பதினொன்று. இரவு ஓட்டம் முடித்து வந்து அங்கிள் படுக்கப் போகுமுன் ஒரு அரை மணிநேரம்.

ஒருநாள் நானும் அந்தக் கோலில் இருந்தேன். பெடியன் தன் பேஸையே அங்கிள் அடித்துப் பழகச் சலஞ்சாகப் போட்டான். அதில் அடித்தால் படையும் குறையாது, ஒன்றும் நட்டமில்லை. அங்கிள் பன்றியில் ஏறிவருகிற ஹொக் ரைடர் அத்தனையையும் ஒரே மூலையில் கொட்டினார். நான் வாயைத் திறக்கப் போக, பெடியன் “ஸ்ஸ்” என்றான். ஹொக்குகள் மதிலைத் தாண்டி உள்ளே குதித்தன, இரண்டு ஜயன்ட் பொம் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தது, பாதி ஹொக் காலி. படையின் காயம் ஆற்றுகிற ஹீல் ஸ்பெல் விழுந்தது அதற்குப் பிறகுதான். பெடியன் அதுவரை ஒரு சொல் பேசவில்லை. பிறகு ரிப்ளேயைப் போடச் சொன்னான்.

“அங்கிள், ஹொக்கை விட முதல் நீங்கள் என்ன பார்த்தனீங்கள்?”

“உண்மையைச் சொல்லட்டே தம்பி? ஒண்டும் பார்க்கேல்லை. விரல் போன இடத்தில விட்டனான்.”

“சரி. பொம் எங்க இருக்கும் எண்டு இப்ப பார்த்துச் சொல்லுங்கோ. டிபென்சுகளுக்கு நடுவில வெறும் இடம் எங்க தெரியுது?”

ஜயன்ட் பொம்முக்கு இரண்டுக்கு இரண்டு கட்டம் வேண்டும், அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது வைக்கக்கூடிய வெற்றிடம் தெரியும். அங்கிள் தேடத் தொடங்கினார். பிழையாகச் சொன்னார், திரும்பச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை, சொல்லிக்கொடுத்து முடித்துவிட்டால் நித்திரைக்காவது போகலாம் என்றிருந்தது. பெடியன் அசையவில்லை. ஐந்தாறு நிமிடம் போயிருக்கும், அங்கிள் தானே கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு, ஹீலை எப்போது போடவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அடுத்த பாடம் ஃபனல், அதுதான் படைக்கு உள்ளே போக வழி அமைப்பது. இரண்டு ஓரக் கட்டடங்களையும் விசார்ட் படையை விட்டு முதலில் உடைக்காவிட்டால் உன் படை நடுவுக்குள் போகாது, நல்லூர் வெளிவீதி சுற்றுகிற மாதிரி மதிலைச் சுற்றி வலம் வந்துகொண்டேயிருக்கும், மூன்று நிமிடமும் முடிந்துவிடும். அங்கிளுக்கு அவசரம். நாலு செக்கன் பொறுக்கமாட்டார். பெடியன் என்ன செய்தான் தெரியுமா? “ட்ரக்கை றிவேர்ஸ் எடுக்கேக்க இரண்டு கண்ணாடியும் பார்க்கிறனீங்கள்தானே, இதிலயும் இரண்டு பக்கமும் பாருங்கோ” என்றான். அங்கிள் அன்றிலிருந்து குரூப்பில் அவனை ‘சேர்’ என்றுதான் கூப்பிடுகிறார். பெடியனுக்கு ஒரே வெட்கம். “அங்கிள், அம்மா பார்த்தா பேசுவா, தம்பி எண்டே சொல்லுங்கோ” என்று கெஞ்சுகிறான். அங்கிள் விடுவதாயில்லை.

லீக்கில் அவர் எடுத்தது 2 ஸ்டார்தான், 90 சொச்ச வீதம். ஆனால் முடித்த கையோடு, எந்த மூலையில் ஏன் கட்டடம் மிஞ்சியது என்று தானே ஒரு வொய்ஸ் மெசேஜ் போட்டார். பெடியன் அதற்கு ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பினான்.

நீ போன பிறகு மாறிய ஒன்றையும் சொல்லவேண்டும். 2025 மார்ச்சில் படைகளுக்கான பயிற்சி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். முந்தி ஒரு அட்டாக் அடித்தால் அடுத்த படை தயாராகும்வரை காவல் இருப்போமே, இப்போது அது இல்லை, அடித்துக்கொண்டே இருக்கலாம். படிக்கிறவர்களுக்கு நல்ல வசதி. ஆனால் எனக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை. அந்தக் காத்திருக்கிற நேரத்தில்தானே நாங்கள் ஊர்க்கதை எல்லாம் கதைத்தோம்.

சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் லீடர் கடும் கண்டிப்பு. பதினெட்டுக்குக் கீழே என்றால் தனிக் கோல் இல்லை, தனி மெசேஜ் இல்லை, எல்லாம் கிளான் சாட்டில் எல்லோரும் பார்க்கத்தான். தாயோ தகப்பனோ அறிந்திருக்க வேண்டும். பெண்பிள்ளைகளுக்குப் பெண்கள்தான் சோடி. மானிப்பாயில் ஒரு ரீச்சர் இருக்கிறா, நாங்கள் கனகாலம் ஆம்பிளை என்று நினைத்த ஆள், அவதான் அந்தப் பக்கத்தைப் பார்க்கிறா. சிலர் இதைக் கேலி செய்தார்கள், ஒரு கேமுக்கு இவ்வளவு சட்டமா என்று. எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆகவே நான் லீடர் பக்கம்தான். பரீட்சை வந்தால் வாத்தி, மாணவர் இருவருக்குமே லீவு. ஏ.எல்லுக்காகக் கொக்குவில் பெடியன் இப்போது ஓய்வில். ட்ரக் அங்கிளுக்கே ஒரு மாணவர் கிடைத்துவிட்டார் என்பது தனிக்கதை, அதை அவர் வாயால் கேட்கவேண்டும்.

சரி, இவ்வளவும் எழுதியது சும்மா இல்லை. கிளிநொச்சியில் போன் திருத்துகிற ஒரு தம்பி வந்திருக்கிறான், டவுன் ஹோல் 11. குயின் என்கிற வீராங்கனைக்குப் பின்னால் காயம் ஆற்றுகிற ஹீலர்களை விட்டு நடத்துகிற அட்டாக் படிக்க ஆசைப்படுகிறான். அதை எங்கள் கிளானில் உன்னைப்போல் அடித்த ஆள் இன்னும் வரவில்லை. உன் கணக்கு 12இல் அப்படியே நிற்கிறது, நான் பார்த்தேன். நீ டவுன் ஹோலை அவசரப்பட்டு ஏற்றாத ஆள், எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. பிள்ளை நித்திரையான நேரம் கிழமைக்கு ஒருநாள் போதும். உனக்குப் பின்னேரம் ஐந்து மணி என்றால் இங்கே ஒன்பதரை, அவனும் கடை பூட்டிவிடுவான். லீடரிடம் நான் இன்னும் சொல்லவில்லை, உன் பதிலைப் பார்த்துச் சொல்கிறேன். ஆனால் ஒன்று: நீ அந்தக் காலத்திலேயே பக்கத்தில் இருந்து என் போனைப் பறித்து அடிக்கிற ஆள். அது இங்கே நடக்காது, இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அம்மா உனக்கென்று மிளகாய்த்தூள் இரண்டு கிலோ வறுத்து இடித்து வைத்திருக்கிறா. அந்தப் பக்கம் வருகிற ஆள் யாரும் இருந்தால் சொல்லு, கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்