இலக்கண ஏட்டைத் தனியே விற்பதை ஏன் நிறுத்துகிறோம்: பெற்றோருக்கு ஒரு விளக்கம்

அன்புடையீர்,

வணக்கம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் குடும்பங்களுக்காக நாங்கள் அச்சிட்டு வந்த தமிழ்ப் பயிற்சி ஏடுகளில், ‘இலக்கணம்’ என்றும் ‘பத்தி எழுதுதல்’ என்றும் தனித்தனியாக இருந்த இரண்டையும் வரும் ஜூன் மாதம் முதல் ஒரே ஏடாக்கியிருக்கிறோம். இலக்கண ஏடு மட்டும் போதும் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். அது கேட்டவுடன் விற்றுப்போகும் ஏடுதான். ஆயினும் அதை இனித் தனியே விற்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அதற்கான காரணத்தை உங்களிடம் மறைவின்றிச் சொல்வது எங்கள் கடமை.

சென்ற ஆண்டு ஒரு தாயார், தம் ஒன்பது வயது மகள் எழுதிய பத்தி ஒன்றைப் படமெடுத்து எங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். எங்கள் இலக்கண ஏட்டில் ‘ஐ’, ‘கு’, ‘இல்’ போன்ற வேற்றுமை உருபுகளுக்கான கோடிட்ட இடங்கள் நாற்பதையும் பிழையின்றி நிரப்பிய சிறுமி அவள். அவளுடைய பத்தி இது:

“நேத்து நான் பாட்டி வீட்டுக்கு போனேன். அங்க கிணறு இருக்கு. பாட்டி பணியாரம் சுட்டாங்க. கிணறில் ஒரு ஆமை இருந்துச்சு. மாமா எனக்கு சைக்கிள் வாங்கித் தரேன்னு சொன்னாங்க. நான் ஆமைக்கு பணியாரம் போட்டேன். அது சாப்பிடலை. அது கருகிப் போச்சு.”

நாற்பதுக்கு நாற்பது வாங்கிய பிள்ளை ‘கிணறில்’ என்று எழுதுவானேன் என்று அந்தத் தாயார் கேட்டிருந்தார். எங்களிடம் உடனடியாகப் பதில் இல்லை. பிறகு எங்கள் ஏட்டையே எடுத்துப் பார்த்தபோது காரணம் விளங்கியது. கோடிட்ட இடத்தை நிரப்பும்போது சொல்லும் எங்களுடையது, வாக்கியமும் எங்களுடையது. பிள்ளை செய்ததெல்லாம் அடைப்புக்குள் நாங்களே கொடுத்த நான்கு உருபுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததுதான். தான் கண்ட ஆமையைப் பற்றித் தானே சொல்ல முற்படும்போது அவளுக்கு வேண்டியிருந்த இலக்கணம் வேறு. அதை நாங்கள் கற்றுத்தரவே இல்லை. குறை பிள்ளையிடமும் இல்லை, தாயாரிடமும் இல்லை. ஏட்டை அமைத்த எங்களிடம்தான்.

அந்தப் பத்தியைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ‘நேத்து’, ‘இருந்துச்சு’ ஆகியவற்றை நாங்கள் பிழை என்று எண்ணவில்லை. அவை வீட்டில் பேசும் தமிழ், எழுத்துத் தமிழுக்கு வரும் வழியில் இருப்பவை. பெரிய இடர்ப்பாடு கடைசி இரண்டு வாக்கியங்களில் இருக்கிறது. “அது சாப்பிடலை. அது கருகிப் போச்சு” என்பதில் முதல் ‘அது’ ஆமை, இரண்டாம் ‘அது’ பணியாரம். படிப்பவருக்கோ ஆமையே கருகிவிட்டது போலத் தோன்றும். நடுவில் மாமாவின் சைக்கிள் எங்கிருந்தோ வந்து போகிறது. இவற்றில் எதுவும் கோடிட்ட இடங்களுக்குள் வரக்கூடிய பிழை அன்று.

இத்தகைய குறைகளுக்குத் தமிழில் நெடுங்காலமாகவே பெயர்கள் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் முன்னுரையான பாயிரம், ஒரு நூலில் வரக்கூடாத பத்துக் குற்றங்களையும் அதில் அமைய வேண்டிய பத்து அழகுகளையும் சொல்கிறது. ஆமையா பணியாரமா என்று படிப்பவரைத் தடுமாற வைப்பது ‘மயங்க வைத்தல்’. சைக்கிள் குறுக்கே வந்தது ‘மற்றொன்று விரித்தல்’. சொன்னதையே திரும்பச் சொல்வது ‘கூறியது கூறல்’. சொல்ல வேண்டியதை அதற்குரிய வரிசையில் சொல்வதோ ‘முறையின் வைப்பு’ என்னும் அழகு. ஓலைச்சுவடியில் பத்தி பிரிக்கும் வழக்கமோ இன்றைய நிறுத்தக்குறிகளோ இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அச்சும் உரைநடையும் பரவி, ஆறுமுக நாவலர் (1822–1879) போன்றோர் பிள்ளைகளுக்கான பாடங்களை உரைநடையில் எழுதிய பிறகே இவை நம் கைக்குப் பழகின. ஆகவே பத்தி எழுதுவதற்கென்று பழைய இலக்கணங்களில் தனிப் பாடம் கிடையாது. ஆனாலும் பாயிரத்தின் இந்த நான்கு பெயர்களும் எட்டு வரிப் பத்திக்கு நன்றாகவே பொருந்துகின்றன, பிள்ளைகளுக்கும் பிடித்துப்போகின்றன. தம்பி எழுதியதைக் கேட்டுவிட்டு “இது மற்றொன்று விரித்தல்” என்று அக்காள் கண்டுபிடிக்கும் வீடுகளை நாங்கள் அறிவோம்.

புதிய ஏட்டில் வலப்பக்கம் பிள்ளை பத்தி எழுதுவதற்கு. இடப்பக்கம் வெறுமையாக இருக்கும். அந்த வாரப் பத்தியிலிருந்து எழுந்த ஒரே ஓர் இலக்கணச் செய்தியை அங்கே எழுத வேண்டும். முதல் நாள் எழுதுகோலைத் தொடவே வேண்டாம். பிள்ளை சொல்லட்டும், நீங்கள் கேளுங்கள்; விளங்காத இடத்தில் மட்டும் “எது கருகியது?” என்பது போல ஒரு கேள்வி கேளுங்கள். மறுநாள் எழுதட்டும். அதற்கடுத்த நாள் தான் எழுதியதைத் தானே உரக்கப் படிக்கட்டும், ஏனெனில் கண்ணுக்குத் தப்பும் பிழைகளில் பாதி காதுக்குத் தப்புவதில்லை. திருத்தி எழுதுவது அதற்குப் பிறகுதான். சிவப்பு மையால் எல்லாப் பிழைகளையும் ஒரே நாளில் சுழித்துவிடாதீர்கள் என்று மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறோம். பத்துச் சுழிப்புகளைக் கண்ட பிள்ளை அடுத்த வாரம் மூன்று வரிக்கு மேல் எழுதுவதில்லை.

அந்தச் சிறுமிக்குக் ‘கிணறில்’ என்ற ஒரு சொல்லே ஒரு வாரப் பாடமாயிற்று. வீடு, காடு, ஆறு, சோறு, கயிறு, கிணறு ஆகிய சொற்களைத் தாயார் எழுதி, அவற்றோடு ‘இல்’ சேர்த்துச் சொல்லச் சொன்னார். வீட்டில், காட்டில், ஆற்றில், சோற்றில், கயிற்றில் என்று வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டே போன பிள்ளை, “அப்படியென்றால் கிணற்றில்!” என்று தானே நிறுத்தினாளாம். அடுத்து காது, காசு, முதுகு, அரசு. காதில், காசில், முதுகில், அரசில். இங்கே எதுவும் இரட்டிக்கவில்லை. அப்படியானால் இரட்டிப்பவை எவை என்று தேடி, டுவிலும் றுவிலும் முடியும் சொற்களே என்று கண்டாள். பிறகு வண்டு, கன்று என்று கொடுத்தபோது வண்டில், கன்றில் என்றுதான் வந்தது. முன்னால் மெய்யெழுத்து நின்றால் இரட்டிப்பதில்லை என்று அதையும் பிடித்துக்கொண்டாள். நெடில்தொடர், உயிர்த்தொடர்க் குற்றியலுகரங்களில் ட, ற ஒற்று இரட்டும் என்ற நன்னூல் விதி இதுவே (வீடு, ஆறு போன்றவை நெடில்தொடர்; கயிறு, கிணறு போன்றவை உயிர்த்தொடர்). பெயர் தெரியாமலே விதியைக் கண்டுபிடித்தவளுக்குப் பெயரைப் பிறகு சொல்வது எளிது. பெயரை முதலில் கொடுத்து விதியைப் பிறகு ஒப்பிக்க வைப்பதைத்தான் இத்தனை நாள் நாங்கள் செய்துகொண்டிருந்தோம்.

வல்லினம் மிகும் இடங்களைப் பற்றி அதிகம் கேட்கிறீர்கள். பத்து வயதுக்குள் இரண்டு இடங்கள் போதும்: ‘ஐ’ உருபுக்குப் பின்னும் ‘கு’ உருபுக்குப் பின்னும். ஆமையைப் பார்த்தேன், வீட்டுக்குப் போனேன். பிள்ளைகளின் பத்திகளில் அடிக்கடி வருபவை இவை இரண்டுமே. ‘வேலை கொடு’ என்றால் பணி கொடு என்றும், ‘வேலைக் கொடு’ என்றால் கையிலுள்ள வேல் என்னும் ஆயுதத்தைக் கொடு என்றும் பொருள் மாறுவதை ஒரு முறை காட்டிவிட்டால், ஒற்று வெறும் அலங்காரம் அன்று என்பது பிள்ளைக்குப் புரிந்துவிடும். மற்ற இடங்கள் மெல்ல வரட்டும்.

மூன்று வாரங்களுக்குப் பிறகு அதே பத்தி இப்படி வந்தது:

“நேற்று நான் பாட்டி வீட்டுக்குப் போனேன். அங்கே கிணற்றில் ஒரு ஆமை இருந்தது. பாட்டி சுட்ட பணியாரங்களில் ஒன்று கருகிவிட்டது. அதை நான் ஆமைக்குப் போட்டேன். ஆமை அதைச் சாப்பிடவில்லை.”

‘பாட்டி சுட்ட பணியாரம்’ என்று இரண்டு வாக்கியங்களை ஒன்றாக்கியிருப்பதைப் பாருங்கள். அதில் ‘சுட்ட’ என்பது பெயரெச்சம் என்று அவளுக்கு அப்போது தெரியாது. அந்த வாரத்து இடப்பக்கத்தில் அந்தப் பெயர் ஏறியது. ‘ஓர் ஆமை’ என்று வர வேண்டும் என்று தாயார் குறிப்பிட்டிருந்தார். உண்மைதான், ஆனால் அதை அடுத்த மாதத்துக்கு விட்டுவிடுங்கள் என்று எழுதினோம். சைக்கிளுக்குத் தனிப் பத்தி கிடைத்தது.

தேர்வை நினைத்துக் கவலைப்படும் பெற்றோருக்கு ஒரு சொல். உங்களில் பலர் பிள்ளைகளை என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வு எழுத வைக்கிறீர்கள். அதற்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். குற்றியலுகரம், ஆகுபெயர், வேற்றுமைத்தொகை என்ற பெயர்களையெல்லாம் எட்டு வயதிலேயே மனப்பாடம் செய்ய வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பன்னிரண்டு வயதுக்கு மேல், தான் எழுதிய பத்திகள் நூறு கையில் இருக்கும்போது, அந்தப் பெயர்களுக்கு எடுத்துக்காட்டுகளைப் பிள்ளை தன் ஏட்டிலிருந்தே எடுக்கும். அந்த வயதினருக்கான பெயர்ப் பட்டியலும் விளக்கமும் புதிய ஏட்டின் பிற்பகுதியில் உள்ளன.

விடைக்குறிப்பை ஏட்டிலிருந்து எடுத்துவிட்டோம். பிள்ளை தானே எழுதும் பத்திக்கு நாங்கள் விடை அச்சிட முடியாது. அதற்கு ஈடாகப் பெற்றோருக்கான சிறு கையேடு ஒன்றை ஏட்டுடன் விலையின்றித் தருகிறோம். எந்தப் பிழையை முதலில் எடுப்பது, எதைக் காத்திருக்க விடுவது என்பதே அதில் பெரும்பகுதி.

பழைய இலக்கண ஏட்டை வாங்கி இன்னும் எழுதாமல் வைத்திருப்போர் அதைத் திருப்பி அனுப்பினால் புதிய ஏட்டை அதே விலைக்கு மாற்றித் தருவோம். அஞ்சல் செலவு எங்களுடையது. பாதி எழுதியவர்கள் அனுப்ப வேண்டாம். மீதமுள்ள கோடிட்ட இடங்களை விட்டுவிட்டு, அந்தப் பக்கங்களின் பின்புறத்தில் பிள்ளையை ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். விரும்பினால் அதைப் படமெடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். ஒரு வாரத்துக்குள் படித்துப் பதில் எழுதுகிறோம்.

அன்புடன்,
கடையினர்
கோயம்புத்தூர்