மறுபடி நிறைவேற்றினால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆளுநர் திருப்பி அனுப்பிய மசோதாவைப் பேரவை மறுபடி நிறைவேற்றிவிட்டால், அப்புறம் அவர் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்று பொதுவாகப் பேசிக்கொள்கிறோம். அரசமைப்புச் சட்டத்தின் 200ஆவது பிரிவும் அப்படித்தான் சொல்கிறது. அதற்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதும். இணையவழிச் சூதாட்டத் தடை மசோதா அப்படித்தான் சட்டமானது. 2023 மார்ச்சில் திரும்பி வந்தது. அதே மாதம் 23ஆம் தேதி பேரவை மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரல் 10 அன்று ஒப்புதல் கிடைத்தது.

நீட் விலக்கு மசோதாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2021 செப்டம்பரில் நிறைவேறியதை 2022 பிப்ரவரி தொடக்கத்தில் ஆளுநர் திருப்பி அனுப்பினார். பிப்ரவரி 8 அன்றே சிறப்புக் கூட்டம் கூட்டி மறுபடி நிறைவேற்றினார்கள். மசோதா குடியரசுத் தலைவருக்குப் போனது. ஒப்புதல் மறுக்கப்பட்டுவிட்டதாக முதலமைச்சர் பேரவையில் அறிவித்தது 2025 ஏப்ரலில்தான். மூன்று ஆண்டுகள்! அதற்குள் எத்தனை பிள்ளைகள் அந்தத் தேர்வை எழுதி முடித்திருப்பார்கள்?

மத்திய சட்டத்தோடு மோதும் மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவை என்பது சரி. ஆனால் 201ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். அவர் திருப்பி அனுப்பச் சொன்னால் பேரவை ஆறு மாதத்துக்குள் பரிசீலிக்க வேண்டும். மீண்டும் நிறைவேற்றினாலும், மசோதா மறுபடி அவர் பரிசீலனைக்குத்தான் போகும். ஒப்புதல் தந்தாக வேண்டும் என்ற வரி அங்கே இல்லை. அவருக்குக் காலக்கெடுவும் இல்லை. கெடு பேரவைக்கு மட்டும்தான்.

அதே குடியரசுத் தலைவர், நாடாளுமன்றம் மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் மறுக்க முடியாது. 2006இல் ஆதாயப் பதவி மசோதாவை அப்துல் கலாம் திருப்பி அனுப்பினார். இரு அவைகளும் அதையே மீண்டும் நிறைவேற்றின, ஆகஸ்ட்டில் கையெழுத்திட்டார். மாநில மக்கள் தேர்ந்தெடுத்த பேரவையின் இரண்டாவது வாக்குக்கு மட்டும் ஏன் அந்த மதிப்பு இல்லை?

அமெரிக்காவில் அதிபரின் மறுப்பை முறியடிக்க இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும். கடினம்தான். ஆனாலும் தென்னாப்பிரிக்க இனவெறி அரசுக்கு எதிரான தடைச் சட்டத்தை 1986இல் ரீகனின் மறுப்பை மீறியே நிறைவேற்றினார்கள். அங்கே அதிபருக்கு ஞாயிறு நீங்கலாகப் பத்து நாள்தான் அவகாசம் என்பதையும் கவனிக்க வேண்டும்.

காலக்கெடு விதிக்க நீதிமன்றத்தால் முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் கருத்துச் சொல்லிவிட்டது. ஆகவே நாடாளுமன்றம் 201ஆவது பிரிவைத் திருத்தினால்தான் உண்டு. குடியரசுத் தலைவர் முடிவெடுக்க ஒரு கெடு வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும். பேரவை மறுபடி நிறைவேற்றினால் அதற்கு மதிப்பு இருக்க வேண்டும். நம் எம்.பி.க்கள் கட்சி பார்க்காமல் இதற்காக ஒரு தனிநபர் மசோதாவையாவது கொண்டுவர வேண்டும் என்று தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், தஞ்சாவூர்