சிறு மருத்துவமனைகள் செலவு விவரத்தை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவக் கட்டணம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் பெரிய மருத்துவமனைகளே விவாதத்துக்கு வருகின்றன. இருபது முப்பது படுக்கைகளோடு சுற்றுவட்டார மக்களுக்காக இயங்கும் சிறு மருத்துவமனைகளைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. ஆனால் நள்ளிரவில் ஒருவருக்கு மூச்சுத் திணறினாலோ, காய்ச்சலில் குழந்தைக்கு வலிப்பு வந்தாலோ நாம் முதலில் ஓடுவது அங்கேதான். நிமோனியா கண்ட என் தந்தையாரை அண்மையில் அத்தகைய ஒரு மருத்துவமனையில் சேர்த்து உடனிருந்து பார்த்துக்கொண்டேன். பக்கத்துப் படுக்கைகளில் இருந்தவர்களின் உறவினர்களோடும் நிறையப் பேசினேன். அந்த அனுபவத்திலிருந்தே இதை எழுதுகிறேன்.

கவனிப்பைப் பொறுத்தவரை என்னிடம் நன்றியைத் தவிர வேறெதுவும் இல்லை. தந்தையாருக்கு இடது காது மட்டுமே சரியாகக் கேட்கும். இதை நாங்கள் யாரும் சொல்லாமலே கண்டுகொண்ட இரவுப்பணிச் செவிலியர், ஒவ்வொரு முறையும் கட்டிலைச் சுற்றி இடப்பக்கம் வந்து, குனிந்து நிதானமாகப் பேசினார். மருத்துவர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்காட்டி, நுரையீரலின் எந்தப் பகுதியில் சளி கட்டியிருக்கிறது, அது குறைவதை எப்படி அறிவது என்று எங்களுக்குப் புரியும்படி விளக்கினார். நோயாளியைப் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குச் சிறியதாக இருப்பது ஒரு மருத்துவமனைக்குப் பெரும் பலம் என்பதை நான் நேரில் கண்டேன்.

இத்தனை பரிவோடு பேசியவர்கள் செலவு என்று வந்ததும் வாயடைத்துப் போனதுதான் என்னை வருத்தியது. சேர்க்கும்போதே முன்பணம் கட்டச் சொன்னார்கள், கட்டினோம். மொத்தம் தோராயமாக எவ்வளவு ஆகும் என்று மருத்துவரிடம் கேட்டால் அலுவலகத்தில் கேளுங்கள் என்றார். அலுவலகத்தில் கேட்டால், டாக்டர் என்னென்ன எழுதுகிறார் என்பதைப் பொறுத்தது என்றார்கள். இருவர் சொன்னதும் பொய்யில்லை. ஆனால் இரண்டுக்கும் நடுவில் நின்று, சேமிப்பை உடைப்பதா, கடன் கேட்பதா, கேட்டால் எவ்வளவு கேட்பது என்று தெரியாமல் ஒரு குடும்பம் தவிக்கிறது. பக்கத்துக் கட்டிலில் இருந்த முதியவரின் மகன், இன்று வரை எவ்வளவு என்று கேட்டுத் தினமும் மாலையில் கட்டணக் கவுன்டர் முன்னால் போய் நிற்பார். கணக்கு முடியவில்லை, பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் கைக்கு வந்த ரசீதில் அறை வாடகை, மருத்துவர் கட்டணம், மருந்து, பரிசோதனை என்ற வரிகளுக்குக் கீழே ‘இதர’ என்று ஒரு வரியும் அதற்கு நேரே கணிசமான ஒரு தொகையும் இருந்தன. அதில் என்ன அடங்கும் என்று கேட்டேன். கவுன்டரில் இருந்தவர் முகம் சுளிக்காமல் கோப்பை எடுத்து, கையுறை, ஊசி, சலைன் குழாய், ஆக்சிஜன் முகமூடி என்று ஒவ்வொன்றாகப் படித்துக்காட்டினார். அப்படிப் படிக்கும்போதுதான், வெளி ஆய்வகத்துக்கு அனுப்பிய ஒரு இரத்தப் பரிசோதனை இரண்டு இடத்தில் ஏறியிருப்பது அவர் கண்ணிலேயே பட்டது. உடனே வருத்தம் தெரிவித்துக் கழித்துக் கொடுத்தார். அவருடைய நேர்மையில் எனக்குத் துளியும் ஐயமில்லை. ஆனால் நோயாளி பிழைத்து வீடு திரும்பினால் போதும் என்ற மனநிலையில் இருப்பவர்களில் எத்தனை பேர் அந்த இடத்தில் நின்று கேள்வி கேட்பார்கள்? கேட்டவர்களுக்கு மட்டும் சரியான கணக்கு கிடைக்கும் என்ற நிலை இருக்கக் கூடாது.

சிறு மருத்துவமனை என்றால் செலவு குறைவாகத்தான் இருக்கும் என்று நம்பி வருபவர்களுக்கு, அது ஏன் எப்போதும் அப்படி அமைவதில்லை என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். உள்ளே ஐந்து நோயாளிகள் இருந்தாலும் இருபத்தைந்து பேர் இருந்தாலும் இரவில் ஒரு மருத்துவரும் செவிலியர்களும் விழித்திருக்கத்தான் வேண்டும். ஆக்சிஜனும் ஜெனரேட்டரும் தயாராக இருக்கத்தான் வேண்டும். இந்த நிலையான செலவு முழுவதும் சில படுக்கைகளின் மேல் பங்கிடப்படுகிறது. மருந்தைச் சிறிய அளவில் வாங்குவதால் பெரிய தள்ளுபடி கிடைப்பதில்லை. பல பரிசோதனைகள் வெளியே போகின்றன. சிறப்பு மருத்துவர்கள் வெளியிலிருந்து வருகிறார்கள். இந்த நியாயங்களை மருத்துவமனையே எடுத்துச் சொன்னால் மக்கள் புரிந்துகொள்வார்கள். சொல்லாமல் விடும்போதுதான் நியாயமான கட்டணமும் கொள்ளையாகத் தோன்றுகிறது.

ஒரு குடும்பத்தின் மொத்தச் செலவில் 10 விழுக்காட்டையோ 25 விழுக்காட்டையோ மருத்துவச் செலவு தாண்டிவிடும் நிலையில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பதை, ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளின் கீழ் நாடுகள் கணக்கிட்டு வந்திருக்கின்றன. பெரிய அறுவை சிகிச்சை நடந்தால்தான் அந்த எல்லையைத் தாண்டுவோம் என்பதில்லை. வருமானம் குறைந்த வீட்டில், சிறு மருத்துவமனையில் சில நாள் படுத்தாலே அது நடந்துவிடும். போதிய தகவலைப் பெற்ற பிறகு சிகிச்சையை ஏற்கவோ மறுக்கவோ நோயாளிக்கு உரிமை உண்டு என்று உலக மருத்துவச் சங்கம் 1981-இல் லிஸ்பனில் ஏற்ற பிரகடனம் கூறுகிறது. செலவும் அந்தப் போதிய தகவலில் அடங்கும் என்பது என் உறுதியான கருத்து. கையில் இருக்கும் பணத்துக்கு எத்தனை நாள் சிகிச்சை தாங்கும் என்பது தெரியாத குடும்பம், தெரிந்து முடிவெடுத்தது என்று எப்படிச் சொல்ல முடியும்?

நோய் எப்படிப் போகும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாதே என்று மருத்துவர்கள் கூறலாம். உண்மைதான். ஆயினும் மருந்து வேலை செய்து காய்ச்சல் இறங்கினால் இவ்வளவு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்ற நேர்ந்தால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று இரண்டு நிலைகளுக்கும் தோராயத் தொகையை ஒரு தாளில் எழுதித் தருவது முடியாத காரியமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறிமுகப்படுத்திய அறுவை சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலும் ஒரே ஒரு தாள்தான். நோயாளி யார், எந்த இடத்தில் என்ன அறுவை, ஒப்புதல் பெற்றாயிற்றா என்று உரக்கக் கேட்டு உறுதிசெய்வதிலிருந்து அது தொடங்குகிறது. உயிரைக் காக்க ஒரு தாள் உதவுமானால், குடும்பத்தைக் கடனிலிருந்து காக்கவும் ஒரு தாளுக்கு இடம் கொடுக்கலாம். அதோடு அன்றன்றைக்கு ஆன செலவின் கணக்கைத் தினமும் மாலையில் உறவினர் கையில் கொடுத்துவிட்டால், கடைசி நாள் அதிர்ச்சியும் தகராறும் பெருமளவு குறையும்.

இவற்றைவிட முக்கியமானது, வேறு மருத்துவமனைக்கு மாற்ற வேண்டிய நிலை. நாங்கள் அங்கிருந்தபோது ஓர் அம்மையாருக்கு இரவில் நிலைமை மோசமாகி, இங்கே டயாலிசிஸ் வசதி இல்லை, உடனே கொண்டுபோங்கள் என்றார்கள். ஆம்புலன்ஸுக்குப் பணம், போன இடத்தில் மறுபடி முன்பணம், எடுத்த பரிசோதனைகளையே மறுபடி எடுத்தது என்று எல்லாம் அந்த ஒரே இரவில் நடந்ததாக அவருடைய மகள் பிறகு தொலைபேசியில் சொன்னார். வசதி இல்லாதது குற்றமில்லை. எல்லாக் கருவிகளையும் ஒரு சிறு மருத்துவமனை வாங்கிவைக்க முடியாது. ஆனால் வென்டிலேட்டர், டயாலிசிஸ், இரத்த வங்கி, ஸ்கேன் ஆகியவற்றில் எது இங்கே உண்டு, எது இல்லை, இல்லாதது தேவைப்பட்டால் எங்கே அனுப்புவார்கள் என்பதைச் சேர்க்கும்போதே சொல்லிவிட வேண்டும். மாற்றி அனுப்பும்போது பரிசோதனை முடிவுகளின் நகலையும், கடைசியாக எந்த மருந்து எந்த நேரத்தில் கொடுக்கப்பட்டது என்ற குறிப்பையும் நோயாளியோடு அனுப்ப வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது எழுதித் தரும் சிகிச்சைச் சுருக்கத்தைப் (டிஸ்சார்ஜ் சம்மரி) பற்றியும் ஒரு வார்த்தை. புதிய மருந்துகள் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. ஆனால் தந்தையார் ஏற்கெனவே எடுத்துவந்த இரத்த அழுத்த மாத்திரையைத் தொடர்வதா நிறுத்துவதா என்பது அதில் இல்லை. முதியவர்களை அனுப்பும்போது பழைய மாத்திரைகளையும் அதே தாளில் சேர்த்து எழுதுவது நல்லது.

அந்த மருத்துவமனையின் நிர்வாகத்துக்கும் இவற்றைத் தனியே எழுதி அனுப்பியிருக்கிறேன். சிறு மருத்துவமனைகளை நடத்துபவர்கள் இக்கடிதத்தைப் படிக்க நேர்ந்தால், தோராயச் செலவுத் தாளையும் தினசரிக் கணக்கையும் சில மாதங்களுக்காவது நடைமுறைப்படுத்திப் பார்க்க வேண்டும் என்றும், அதில் அவர்களுக்குள்ள சிரமங்களை உங்கள் நாளிதழ் வாயிலாகவே தெரிவிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்