உன் ஊரில் எனக்கு வேலை இருக்கிறது

சிங்காநல்லூர்,
கோயம்புத்தூர்.

அன்புள்ள அம்மணிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. டாக்டர் கைத்தடி வைத்துக்கொள்ளச் சொன்னார். வாங்கியும் வந்தாயிற்று. ஆனால் அதை பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்.

ஏப்ரலில் நாங்கள் அமெரிக்கா வரும்போது எங்கெங்கே போகலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை பட்டியல் அனுப்பியிருந்தாய். டிஸ்னிலேண்ட், யுனிவர்சல் ஸ்டூடியோ, சான் டியாகோ கடற்கரை. எல்லாம் சரி. ஆனால் போனில் ஒரு வார்த்தை சொன்னாய் பார், "எங்க கிளெண்டேல்ல பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லம்மா, மாலுதான் இருக்கு" என்று. அப்போதே பதில் சொல்லியிருப்பேன். அதற்குள் குட்டிப் பையன் அழுதான், நீ போனை வைத்துவிட்டாய். வாட்ஸ்அப்பில் நீளமாக அடித்தால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் காகிதம் எடுத்தேன்.

ஒன்றுமே இல்லையா? போகார்ட் அங்கேதானே கண்ணு இருக்கிறார்!

ஹம்ஃப்ரி போகார்ட், அந்தக் காலத்து ஹாலிவுட் ஹீரோ. 1957 ஜனவரியில் உணவுக்குழாயில் புற்றுநோய் வந்து போனார். வயது 57தான். படத்துக்குப் படம் சிகரெட்டும் கையுமாக நின்றவருக்கு வேறு எப்படி முடியும். அவர் சாம்பலை வைத்திருப்பது உங்கள் ஊர் ஃபாரஸ்ட் லான் கல்லறைத் தோட்டத்தில். கூடவே சின்னத் தங்க விசில் ஒன்றையும் அவர் மனைவி லாரன் பகால் வைத்தாராம். இருவரும் முதலில் சேர்ந்து நடித்த படத்தில், 'என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் விசிலடி' என்று அந்தப் பெண் சொல்லும் இடம் ஒன்று வரும், அதன் நினைவாக. அப்போது பகாலுக்குப் பத்தொன்பது வயது. கேமரா முன்னால் நின்றால் தலை நடுங்குமாம். நடுக்கம் தெரியாமலிருக்க முகவாயை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு கண்ணை மட்டும் தூக்கிப் பார்த்தார். அந்தப் பார்வைக்குத்தான் உலகமே விழுந்தது. போகார்டை வைத்திருக்கும் பகுதிக்குள் கண்டவர்களை விடுவதில்லையாம். பரவாயில்லை, பூட்டிய கதவுக்கு வெளியே ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு வந்துவிடுகிறேன்.

உங்கம்மாவுக்கு எங்கிருந்து வந்தது இந்தப் பைத்தியம் என்று நினைப்பாய். உன்னால்தான் வந்தது.

1996. உனக்கு ஆறு வயது. கேபிள் போட்ட புதிது. கார்ட்டூன் நெட்வொர்க் வைத்தால் நீ அந்தப் பக்கம் இந்தப் பக்கம் அசையமாட்டாய். ராத்திரியானால் அதே சேனல் டிஎன்டி என்று பேர் மாறிக்கொள்ளும். டாமும் ஜெர்ரியும் ஓடின இடத்தில் தொப்பி போட்ட ஆள் ஒருவன் மழையில் நிற்பான். நீ "ஐயே, பழைய படம்" என்று காலை உதைத்துக்கொண்டு அழுது, அழுதபடியே என் மடியில் தூங்கிப்போவாய். அப்பாவுக்கு மில்லில் இரண்டாம் ஷிஃப்ட். பன்னிரண்டுக்கு மணி அடித்து, சைக்கிளை மிதித்து வந்துசேரப் பன்னிரண்டேகால் ஆகும். அதுவரை நான் விழித்திருந்தாக வேண்டும். நீ மடியில் கிடக்கிறாய், எழுந்துபோய் சேனல் மாற்ற முடியாது, நம் டிவிக்கு ரிமோட்டும் கிடையாது. அப்படி உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தவள்தான்.

ஹாலில் உங்கப்பத்தா படுத்திருப்பார்கள். அதனால் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிடுவேன். கூட்டி வைத்தாலும் எனக்குப் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை. தமிழ் மீடியம் எஸ்எஸ்எல்சி, அந்த இங்கிலீஷ் ஓட்டத்தில் 'யெஸ்', 'நோ' தவிர என்ன பிடிபடும்? ஆக, ஊமைப்படம் மாதிரிதான் எல்லாவற்றையும் பார்த்தேன். அப்படிப் பார்த்ததில்தான் வெளிச்சம் கண்ணில் பட்டது. ஜன்னல் மறைப்பின் பட்டைப் பட்டையான நிழல் ஒருவன் சட்டைமேல் விழுந்தால், அவன் ஜெயிலுக்குப் போகப்போகிறான் என்று அர்த்தம். ஒருத்தி இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு நடந்து வந்தால் பொய் சொல்லப்போகிறாள். நானாகக் கண்டுபிடித்த பாடம் இது. முக்கால்வாசி சரியாகவே வந்தது.

'தி பிக் ஸ்லீப்' என்று போகார்ட், பகால் நடித்த படம், 1946இல் வந்தது. மூன்று முறையாவது பார்த்திருப்பேன். யார் யாரைச் சுட்டார்கள், எதற்குச் சுட்டார்கள், ஒன்றும் விளங்கவில்லை. இங்கிலீஷ் தெரியாத குறை என்று வருஷக்கணக்காகச் சங்கடப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகு படித்தால், படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கார் டிரைவரைக் கொன்றது யார் என்று அவர்களுக்கும் தெரியவில்லையாம். நாவல் எழுதிய ரேமண்ட் சாண்ட்லரிடமே கேட்டிருக்கிறார்கள். அவரும் கையை விரித்துவிட்டார்! அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதி உனக்குப் புரியாது.

உங்கப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் வரும் நேரத்துக்குப் படம் முடியும் தறுவாயில் இருக்கும். தலையிலும் காதோரத்திலும் பஞ்சு ஒட்டியிருக்க, தட்டோடு உட்காருவார். கடைசிப் பத்து நிமிஷம் பார்ப்பார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் முடிவுகள் மட்டும்தான். "என்னாச்சு, எதுக்கு இவன் சாகறான்?" என்பார். ரசத்தை ஊற்றிக்கொண்டே முன்கதையைச் சொல்வேன். எனக்கே தெரியாத கதையை! ராபர்ட் மிட்சம் நடித்த 'அவுட் ஆஃப் தி பாஸ்ட்' படத்தில் ஜேன் கிரீரை அவருடைய தொலைந்துபோன தங்கச்சி என்று சொல்லி வைத்தேன். அவர்கள் கடற்கரையில் முத்தம் கொடுத்த கட்டத்தை உங்கப்பா பார்க்காதது நல்லதாகப் போயிற்று.

ஒரு நாள், "இதென்ன பெரிய அதிசயம், நம்ம வீணை பாலசந்தர் 1954லயே எடுத்துட்டாரே, பாட்டே இல்லாம, சிவாஜியை எடுத்த எடுப்புல சுட்டுப்போட்டு" என்றார். 'அந்த நாள்' படத்தைச் சொன்னார். வாஸ்தவம்தான். ஆனால் அது ஒன்றைத்தானே எடுத்தோம் என்றேன். சண்டை வந்துவிட்டது.

அந்த நாட்களில் என்னை உலுக்கியது 'மில்ட்ரெட் பியர்ஸ்'. 1945 படம், ஜோன் கிராஃபோர்ட். மகளுக்காக ஒரு தாய் ஓட்டலில் பரிமாறுகிறாள், சொந்தமாக ஓட்டல் வைக்கிறாள், இரவும் பகலும் உழைக்கிறாள். அந்த மகளோ மாடிப்படியில் வைத்துத் தாயைக் கன்னத்தில் அறைகிறாள். சத்தமில்லாமல் பார்த்தேன் அந்த அறையை. என் மடியில் நீ, வாயோரம் எச்சில் வழியத் தூங்கிக்கொண்டிருந்தாய். உன் கையை எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கையில் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இட்ட இங்க் கறை. அதற்கு முன்னால் கிராஃபோர்டை இனித் தேறமாட்டார் என்று பழைய கம்பெனி கைகழுவியிருந்தது. இந்தப் படத்துக்குத்தான் ஆஸ்கார் வந்தது. விழாவுக்குப் போகாமல் உடம்பு சரியில்லை என்று கட்டிலில் படுத்துக்கொண்டே பரிசை வாங்கினார், முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு. அந்தக் கதை எந்த ஊரில் நடக்கிறது தெரியுமா? கிளெண்டேல்! நீ அங்கே வேலைக்குப் போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு ஒரு நிமிஷம் எனக்கு வயிற்றைக் கலக்கியது, சிரிக்காதே.

இதே கதையை எழுதிய ஜேம்ஸ் கெயினின் இன்னொரு கதைதான் 'டபுள் இன்டெம்னிட்டி'. 1944 படம். நான் பார்த்தவரையில் டிவியில் அது வரவில்லை. முதல் சம்பளத்தில் எனக்கென்று டிவிடி வாங்கிக்கொண்டு வந்தாயே, அதில்தான் பார்த்தேன், கீழே எழுத்து ஓட, நிறுத்தி நிறுத்தி. தலைப்புக்கு அர்த்தம் உங்கப்பாதான் சொன்னார். நம் எல்ஐசி பாலிசியில் விபத்தில் இறந்தால் ரெட்டிப்புத் தொகை என்று இருக்கிறதே, அதேதான். புருஷனுக்குத் தெரியாமல் அவன் பேரில் பாலிசி எடுத்து, ஏஜெண்டும் பெண்டாட்டியும் சேர்ந்து அவனைத் தீர்த்துக்கட்டுகிறார்கள்.

அந்தப் பெண்டாட்டி பார்பரா ஸ்டான்விக். எனக்கு பகாலைவிட, ரீட்டா ஹேவொர்த்தைவிட இவர்தான் ஒசத்தி. நாலு வயதில் தாயை இழந்து, தகப்பனும் விட்டுப்போய், கண்டவர்கள் வீட்டில் வளர்ந்தவர். கொலைகாரியாக நடிக்கப் பயந்தபோது டைரக்டர் பில்லி வைல்டர், நீ எலியா நடிகையா என்று கேட்டாராம். தலையில் வைத்திருக்கும் மஞ்சள் சவுரி பார்த்தவுடனே பொய் என்று தெரியும். ஸ்டூடியோ பெரியவர் ஒருவர், ஸ்டான்விக்குக்குச் சம்பளம் கொடுத்தோம், ஜார்ஜ் வாஷிங்டன் வந்து நிற்கிறார் என்று புலம்பினாராம். அந்தப் பொய் முடி அவளுக்குப் பொருத்தம்தான், அவளே பொய்தானே.

அவள் வீட்டு ஹாலில் ஜன்னல் வழியாக வெளிச்சம் விழும், அதில் தூசி மிதக்கும். கேமராக்காரர் ஜான் சைட்ஸ் அலுமினியத் தூளைக் காற்றில் தூவி எடுத்தது அது. உங்கப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டார். "எங்க ப்ளோ ரூமாட்டவே இருக்குது" என்றார். மில்லில் பஞ்சைப் பிரித்து உதறும் அந்த அறையின் தூசிக்குள் முப்பத்தொரு வருஷம் நின்றவர். அது பார்க்க அழகாக இருக்கும் என்று அதுவரை அவருக்குத் தோன்றியதே இல்லையாம்.

தப்புகளும் உண்டு. ஏஜெண்டின் வீட்டுக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். அந்த மாதிரிக் கட்டடங்களில் கதவு உள்பக்கம்தான் திறக்கும். அவள் அதன் பின்னால் ஒளிய வேண்டுமே, அதற்காக வேண்டுமென்றே மாட்டியது. தெரிந்தே பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் பார்க்கிறேன். திரைக்கதையில் கைகொடுத்த சாண்ட்லரும் ஒரு இடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ படித்துக்கொண்டிருப்பார். கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

எல்லோரும் இதை அவனும் அவளும் கெட்டுப்போன கதை என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஏஜெண்டாக வருபவர் ஃபிரெட் மக்மரே. அவருக்கு மேலே, பொய்யான க்ளெய்மைக் கண்டுபிடிக்கும் அதிகாரி எட்வர்ட் ஜி. ராபின்சன். அவர் வாயில் சுருட்டு இருக்கும், பையில் தீப்பெட்டி இருக்காது. தடவித் தடவிப் பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் மக்மரே தீக்குச்சியைக் கட்டைவிரல் நகத்தில் உரசிப் பற்றவைத்து நீட்டுவார். படம் முழுக்க இப்படி. கடைசியில் மக்மரே குண்டடி பட்டு வாசலில் சாய்ந்துகிடக்கிறார். வாயில் சிகரெட். குச்சியை நகத்தில் உரசுகிறார், விரலில் தெம்பில்லை. ராபின்சன் குனிந்து அதை வாங்கி, தானே உரசிப் பற்றவைக்கிறார். அவ்வளவுதான் படம். இதற்குப் பிறகு விஷவாயு அறையில் தண்டனை நிறைவேறுவதை வைல்டர் ஏகப்பட்ட செலவில் எடுத்து வைத்திருந்தார். தீக்குச்சியே போதும் என்று தூக்கிப் போட்டுவிட்டார். ஹிட்லருக்குப் பயந்து ஓடிவந்து, 1934இல் இங்கிலீஷ் சரியாகத் தெரியாமல் ஹாலிவுட்டில் இறங்கிய மனிதர். தாயை அந்தப் பக்கமே பறிகொடுத்தவர். வசனம் தெரியாதவனுக்கும் விளங்கும்படி எப்படி எடுத்தார் என்று அதனால்தான் எனக்கு ஆச்சரியமில்லை.

இனி என் பட்டியல். யுனிவர்சல் ஸ்டூடியோவை அடித்துவிடு. ஒரு நாள் லாஸ் ஏஞ்சலிஸ் டவுனுக்குப் போவோம். பிராட்வேயில் பிராட்பரி பில்டிங், 1893இல் கட்டியது, உள்ளே இரும்புப் படிக்கட்டு, கண்ணாடிக் கூரை, கம்பிக்கூண்டு லிஃப்ட். 'டி.ஓ.ஏ.' படத்தில் விஷம் குடித்துச் சாகப்போகிறவன் தன் கொலைகாரனைத் தேடி வருவது அங்கேதான். யூடியூபில் இருக்கிறது, பார்த்துவிடு. பக்கத்திலேயே ஏஞ்சல்ஸ் ஃபிளைட், குன்றேறும் சின்ன ரயில். அந்தக் குன்றின் மேலிருந்த பழைய வீடுகளையெல்லாம் இடித்துவிட்டார்கள். அவற்றை இந்தப் படங்களில்தான் பார்க்க முடியும், நம் ஊர் மில் புகைபோக்கிகளை உன் சின்ன வயசு போட்டோக்களில் பார்ப்பது போல.

கடைசியாக, உங்கள் கிளெண்டேல் ரயில்வே ஸ்டேஷன். உன் வீட்டிலிருந்து பத்து நிமிஷம் என்று போன் மேப் காட்டுகிறது. அந்தப் புருஷன் கால் உடைந்து கட்டைக்கோலோடு ரயில் ஏற வேண்டிய ஸ்டேஷன் கதைப்படி அதுதான். காரிலேயே அவனைக் கொன்றுவிட்டு, அவன் மாதிரி கட்டைக்கோல் ஊன்றி மக்மரே ஏறுகிறார், ரயிலிலிருந்து விழுந்து செத்தான் என்று காட்ட. அந்த பிளாட்பாரத்தில் அப்பாவைக் கைத்தடியோடு நிறுத்தி ஒரு போட்டோ எடுக்க வேண்டும். சாயங்காலமாகப் பார்த்து, வெளிச்சம் சாய்வாக விழும்போது.

இதைச் சொன்னதும் மனிதர் எழுந்துபோய் பீரோவுக்குப் பின்னாலிருந்து கைத்தடியை எடுத்து வந்துவிட்டார். வாசலுக்கும் ஹாலுக்கும் ஒத்திகை நடக்கிறது. நடுவில் ஒரு கேள்வி: "டிக்கெட்டோட இன்சூரன்ஸும் போட்டிருக்கறான்னியே, எம்பேர்ல எவ்வளவுக்குன்னு கேளு. ரயில்ல உளுந்தா ரெட்டிப்பா வருமான்னும் கேட்டுரு."

அந்த விவரத்தை அவர் கண்ணில் படாமல் எனக்குத் தனியாக அனுப்பு.

குட்டிப் பையனுக்கு முத்தம்.

அன்புடன்,
அம்மா